ஒரே விமானமும் பறிபோன தீவு

2005 டிசம்பர். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. மெல்பர்ன் விமான நிலையத்தில் நின்றிருந்த போயிங் 737-400 ஒன்றை அமெரிக்காவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி கைப்பற்றியது. காரணம் தவணை பாக்கி. டியூ கட்டாத டிராக்டரை ஃபைனான்ஸ்காரர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போவார்களே, அதே கதைதான். ஆனால் அது ஏர் நவூரு நிறுவனத்திடம் இருந்த ஒரே விமானம். ஒரு நாட்டை வெளியுலகத்தோடு சேர்த்துவைத்திருந்த கயிறு அது. அன்றைக்கு வெளியூரில் இருந்தவர்களுக்கு எப்போது வீடு திரும்புவோம் என்று தெரியவில்லை. தீவில் இருந்தவர்களுக்கு எப்போது வெளியே போக முடியும் என்றும் தெரியவில்லை.

நவூரு பசிபிக் பெருங்கடலின் நடுவில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். தீவைச் சுற்றி ஓடும் சாலை சுமார் 19 கிலோமீட்டர். பைக்கில் கிளம்பினால் அரை மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். மக்கள்தொகை 12,000 அளவில், அதாவது நம் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றின் அளவு. பக்கத்துத் தீவான பனாபா 300 கி.மீ. தள்ளி இருக்கிறது, அங்கே விமானம் இறங்க இடமே கிடையாது. கொஞ்சம் பெரிய ஆஸ்பத்திரிக்கோ கல்லூரிக்கோ போக வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். தூரம் சுமார் 3,300 கி.மீ. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள தூரத்தைவிட அதிகம்.

இத்தனை சின்ன நாட்டுக்கு அரசே நடத்தும் விமான நிறுவனம் எதற்கு? நவூருவைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். வரவு செலவுக் கணக்கை எடுத்துவைத்து, இது முட்டாள்தனம் என்று நிரூபிப்பது சுலபம். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை குறைவு. அதைப் பார்ப்பதற்கு முன்னால் வேறொரு விஷயம் தெரிய வேண்டும்: அந்த மக்கள் ஏன் இன்னமும் அங்கேயே இருக்கிறார்கள்?

அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1900 வாக்கில் சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து ஒரு கல்லை வைத்திருந்தார்கள். நவூருவிலிருந்து வந்த கல். ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் அதைப் பரிசோதித்துப் பார்த்தபோது, உரம் தயாரிக்கும் முதல்தரமான பாஸ்பேட் என்று தெரிந்தது. சில ஆண்டுகளில் தோண்ட ஆரம்பித்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து ஒரு கமிஷன் அமைத்துக்கொண்டு, நவூருவின் மண்ணைக் கப்பல் கப்பலாக ஏற்றின. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளில் புல் பசேலென்று வளர்ந்தது. தொடக்கத்தில் நவூரு மக்களுக்குக் கிடைத்த பங்கு டன்னுக்கு அரை பென்னி.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். 1942 ஆகஸ்டில் ஜப்பான் தீவைப் பிடித்தது. இன்றைக்கும் விமானங்கள் இறங்குகிற ஓடுபாதையின் தொடக்கம் அப்போதுதான். கட்டாய உழைப்பில் போடப்பட்டது. 1943-ல் ஜப்பானியர்கள் சுமார் 1,200 நவூரு மக்களைக் கப்பலில் ஏற்றி, பசிபிக்கிலேயே வடமேற்கே இருக்கும் ட்ரக் (Truk) தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கூலிகளாக வேலை வாங்கினார்கள். பசியாலும் நோயாலும் குண்டுவீச்சாலும் 463 பேர் இறந்தார்கள். 1946 ஜனவரி 31 அன்று ஒரு பாஸ்பேட் கப்பலில் ஊர் திரும்பியவர்கள் 737 பேர். பிற்காலத்தில் அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் சுமந்து பறந்த விமானத்தின் மாடல் எண்ணும் 737. தற்செயல்தான். ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் என்னால் சட்டென்று கடந்துபோக முடிவதில்லை.

1960-களில் இன்னொரு சோதனை வந்தது. தோண்டித் தோண்டி தீவின் நடுப்பகுதி முழுக்கக் கூரான சுண்ணாம்புப் பாறைகளாக நிற்க ஆரம்பித்திருந்தது. அங்கே இனி வாழ முடியாது, எல்லோரும் குவீன்ஸ்லாந்துக் கரையோரம் இருக்கும் கர்ட்டிஸ் தீவுக்குக் குடிபெயருங்கள் என்று ஆஸ்திரேலியா சொன்னது. வீடு, வேலை, குடியுரிமை எல்லாம் தருவதாகவும் சொன்னது. ஹாமர் டிராபர்ட் தலைமையில் நவூரு மக்கள் யோசித்தார்கள், பேசினார்கள். 1964-ல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே போனால் நாங்கள் ஆஸ்திரேலியர்கள் ஆகிவிடுவோம், நவூரு என்ற மக்கள் இருக்க மாட்டார்கள் என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். நாலு வருஷம் கழித்து, 1968 ஜனவரி 31 அன்று சுதந்திரம் வாங்கினார்கள். ட்ரக் தீவுகளிலிருந்து திரும்பி வந்த அதே தேதி. டிராபர்ட் முதல் ஜனாதிபதி ஆனார்.

ஆக, அவர்கள் அங்கே மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. போகலாம் என்று கதவு திறந்தபோதும் இருக்கிறோம் என்று முடிவெடுத்தவர்கள். இருப்பது என்று முடிவெடுத்தால் வெளியே போய்வர ஒரு வழி வேண்டும். கப்பல் போதுமே என்றால், நவூருவுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரையை ஒட்டிய பவளப்பாறை முடிந்ததும் கடல் செங்குத்தாக ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் வரும் கப்பல் ஆழ்கடல் மிதவைகளில் கட்டிக்கொண்டு நிற்கும். சாமான்களைப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை அடங்கும்வரை கப்பல் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். இந்த நிலையில் அவசர நோயாளியைக் கப்பலை நம்பி யாரால் வைத்திருக்க முடியும்?

1970 பிப்ரவரியில் ஏர் நவூரு முதலில் பறந்தது. பத்துப் பேர் அளவில் உட்காரக்கூடிய ஒரு ஃபால்கன் 20 ஜெட். நவூருவுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே சோதனை ஓட்டம். அதே ஆண்டு ஜூலையில் பாஸ்பேட் சுரங்கம் முழுமையாக நவூருவின் கைக்கு வந்தது. பணம் கொட்டியது. தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்றாக நவூருவைச் சொன்ன காலம் அது. 1972-ல் ஃபோக்கர் எஃப்28 வந்தது; எழுபதுகளின் நடுவில் போயிங் 737, போயிங் 727. 1983 வாக்கில் ஏர் நவூருவிடம் ஏழு விமானங்கள். ஏழிலும் ஆள் ஏற்றினால் நாட்டின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒரே நேரத்தில் வானத்தில் வைத்துவிடலாம்.

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். அன்றைய பசிபிக் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போக நேர்வழி அரிது. காலனி நாடுகளின் வசதிக்காகப் போட்ட வழிகள் எல்லாம் சிட்னிக்கோ ஆக்லாந்துக்கோ ஹோனலூலுவுக்கோதான் போயின. ஏர் நவூரு தீவுகளுக்குக் குறுக்கே கோடு போட்டது. தராவா, மஜூரோ, ஹோனியாரா, அபியா, நூமியா, குவாம். வடக்கே மணிலா, தைபே, ஹாங்காங், ஜப்பானின் ககோஷிமா. நவூரு இந்தப் பெருங்கடலின் நடுச்சந்தியாக வேண்டும் என்பது கனவு. வழியில் இருந்த சின்னத் தீவுகளுக்கு அந்தக் கனவால் நிஜமான பலன் இருந்தது. ஃபிஜியை மையமாக வைத்து எல்லாத் தீவு அரசுகளும் பங்குபோட்டு ஒரே பொது விமான நிறுவனம் நடத்தலாம் என்றும் ஒரு முயற்சி நடந்தது. ஏர் பசிபிக் என்ற அந்த நிறுவனத்தில் நவூருவுக்கும் சின்னப் பங்கு இருந்தது. ஆனால் புதிதாகச் சுதந்திரம் வாங்கிய ஒவ்வொரு நாட்டுக்கும் வால் பகுதியில் தன் கொடி போட்ட விமானம் வேண்டும் என்று ஆசை. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. ககோஷிமாவுக்கும் ஹாங்காங்குக்கும் பெரும்பாலும் காலி இருக்கைகளோடுதான் விமானங்கள் போய்வந்தன. ஜனாதிபதியோ மந்திரிகளோ வெளிநாடு கிளம்பினால் பயணிகளுக்காக நிற்கும் விமானம் அவர்களுக்குப் போய்விடும். டிக்கெட் எடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். நேர அட்டவணை என்பது பேருக்குத்தான் என்று ஆனது. நம்பிப் புறப்பட முடியாத விமானத்தில் யார் ஏறுவார்கள்? ஆள் குறைந்தது, நஷ்டம் கூடியது. கூடிய நஷ்டத்தைப் பாஸ்பேட் பணம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டே வந்தது. 1988-ல் விமானிகளோடு பெரிய தகராறு, வேலைநிறுத்தம், பறக்கும் அனுமதியிலேயே சிக்கல் வந்து நிறுவனம் கொஞ்ச காலம் தரையில் கிடந்தது.

நஷ்டம் வந்ததைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. எந்த நஷ்டத்தைத் தாங்க வேண்டும், எதைத் தாங்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்காததைத்தான் குற்றமாகப் பார்க்கிறேன். பிரிஸ்பேன் விமானத்தில் பாதி இருக்கை காலியாகப் போனால் அது சாலைக்கு ஆகும் செலவு. ககோஷிமா விமானத்தில் பாதி இருக்கை காலியாகப் போனால் அது வெறும் செலவு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதி, ஒரே பணத்தால் அடைத்தார்கள். பணம் தீர்ந்த நாளில் இரண்டும் சேர்ந்தே நின்றுபோயின.

இதைச் சொல்லும்போது எங்கள் ஊர் ஹால்ட் பஸ் ஞாபகம் வருகிறது. ராத்திரி ஒன்பதரைக்கு டவுனிலிருந்து வரும். டிரைவரும் கண்டக்டரும் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்து, விடிகாலை ஐந்துக்கு வண்டியைக் கிளப்புவார்கள். ராத்திரி வரும்போது ஏழெட்டுப் பேர்கூட இருக்கமாட்டார்கள். கலெக்‌ஷன் இல்லை என்று ஒருநாள் அந்த டிரிப்பைக் கட் பண்ணிவிட்டார்கள். கணக்குப்படி சரிதான், டீசல் காசுகூடத் தேறியிருக்காது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் ஊரில் என்ன நடந்தது என்று நான் பார்த்தேன். விடிகாலையில் பூவும் கீரையும் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவர்கள் இடைத்தரகரிடம் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். டவுனில் டைப்பிங் கிளாஸ் முடித்து ராத்திரி வந்துகொண்டிருந்த இரண்டு பெண்பிள்ளைகள் கிளாஸை விட்டார்கள். பெரியம்மா ஒருத்தி பிரசவத்துக்கு மகளை முன்கூட்டியே டவுனில் உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். இவற்றில் எதுவும் பஸ் கம்பெனியின் கணக்கில் வராது. பஸ்ஸில் ஏறாதவர்களுக்கும் அந்த பஸ் வேலை செய்துகொண்டிருந்தது. ராத்திரி வண்டி உண்டு என்ற தெம்பிலேயே பலர் ஊரில் இருந்தார்கள்.

நவூருவின் விமானமும் அப்படித்தான். ஆனால் பஸ்ஸைவிட விமானத்துக்குச் செலவு எவ்வளவு அதிகம், அதிலும் இப்படி ஒரு தீவுக்கு ஓட்டினால் எவ்வளவு கூடும் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

எரிபொருளையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் இறங்க வந்த விமானம் மழையால் இறங்க முடியாவிட்டால் பெங்களூருக்குத் திருப்பிவிடுவார்கள். அரை மணி நேர விஷயம். நவூருவில் இருப்பது ஒரே ஓடுபாதை. அதன்மேல் மழை கொட்டினாலோ, ஏதாவது விமானம் பஞ்சராகி நடுவில் நின்றுவிட்டாலோ, அடுத்த வசதியான இடம் பக்கத்துத் தீவு நாடான கிரிபட்டியின் தராவா. சுமார் 700 கி.மீ. இன்னும் ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். எனவே பிரிஸ்பேனில் கிளம்பும்போதே அந்த ஒரு மணி நேரத்துக்கான எரிபொருளையும், அதற்குமேல் கையிருப்பையும் ஏற்றிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். ஒரு 737 மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரிக்கும். இரண்டரை டன் என்பது மூட்டை முடிச்சோடு 25 பேரின் எடை. எடை வரம்பை ஒட்டிக் கிளம்பும் நாட்களில் அந்த 25 பேரோ, அதற்கு ஈடான சரக்கோ பிரிஸ்பேனிலேயே நிற்க வேண்டிவரும். இத்தனைக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அந்த எரிபொருள் தேவையே படாது. அதைச் சுமந்துபோவதற்கும் எரிபொருள் செலவாகும்.

அப்புறம் ஒற்றை விமானத்தின் தொல்லை. விமானத்துக்குக் காலமுறைப்படி பெரிய பராமரிப்பு உண்டு. பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் ஹேங்கரில் நிற்கும். இரண்டாவது விமானம் இருந்தால் சமாளிக்கலாம். இல்லாவிட்டால் அந்த நாட்களுக்கு வேறு நிறுவனத்திடம் விமானம், விமானி, பணியாளர் எல்லாவற்றையும் சேர்த்து வாடகைக்கு எடுக்க வேண்டும். அது கொள்ளை விலை. சரி, இரண்டாவது விமானம் வாங்கலாம் என்றால், 12,000 பேரின் பயணத் தேவைக்கு இரண்டு விமானத்துக்கு வேலை இருக்காது. ஓடாமல் நிற்கும் விமானம் ஒவ்வொரு நாளும் காசு தின்னும். குத்தகை, இன்ஷூரன்ஸ், விமானிகளின் சம்பளம், அவர்களுடைய உரிமத்தைப் புதுப்பிக்கும் பயிற்சி எல்லாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். ஒன்று போதாது, இரண்டு அதிகம். சின்ன நாட்டு விமான நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படைச் சிக்கல். 2005-ல் நவூரு போய் முட்டியது இந்தச் சுவரில்தான்.

தொண்ணூறுகளில் பாஸ்பேட் வற்ற ஆரம்பித்தது. எதிர்காலத்துக்கென்று சேர்த்த அறக்கட்டளைப் பணம் மோசமான முதலீடுகளிலும் கடனிலும் கரைந்தது. லண்டனில் ஓடாத ஓர் இசை நாடகத்தில்கூடப் போட்டிருந்தார்கள். விமானங்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒரே 737-400 மிஞ்சியது. 2004-ல் மெல்பர்னில் நவூருவுக்குச் சொந்தமாக இருந்த 52 மாடிக் கட்டடம் கடன்காரர்கள் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு விமானமும் போனது.

அதன்பிறகு வந்த மாதங்களில் வாடகை விமானங்கள் அவ்வப்போது வந்துபோயின. அது ஒரு நாடு நம்பி நடக்கக்கூடிய ஏற்பாடு இல்லை. மீட்பு தைவான் வழியாக வந்தது. சீனா, தைவான் இரண்டில் ஒன்றைத்தான் ஒரு நாடு அங்கீகரிக்க முடியும்; தன்னை அங்கீகரிக்கும் சின்ன நாடுகளுக்கு இரண்டுமே உதவி தரும். நவூரு 2002-ல் தைவானை விட்டுச் சீனாவை அங்கீகரித்திருந்தது. 2005 மே மாதம் மீண்டும் தைவான் பக்கம் திரும்பியிருந்தது. 2006-ல் தைவான் உதவியோடு ஒரு 737-300 வாங்கப்பட்டது. நிறுவனத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்: அவர் ஏர்லைன் (Our Airline). நம்முடைய விமான நிறுவனம் என்று பொருள். பழைய பெயரோடு கடனும் ஒட்டிக்கொண்டிருந்ததால் மாற்றினார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயரில் எனக்குக் கேட்பது, இழந்து திரும்பப் பெற்றவர்களின் குரல். 2014-ல் அது நவூரு ஏர்லைன்ஸ் ஆனது. 2024 ஜனவரியில், தைவான் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், நவூரு மறுபடியும் சீனாவை அங்கீகரித்தது. இந்த ஊசலாட்டத்தைச் சந்தர்ப்பவாதம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. விற்கப் பாஸ்பேட் இல்லாத நாட்டிடம் வேறு என்ன இருந்தது என்று அவர்கள் ஒருமுறை யோசிக்கலாம்: ஐநா சபையில் ஒரு ஓட்டு, கடலின் நடுவில் ஓர் இடம்.

அந்த இடத்தையும் ஒருவர் விலைக்கு எடுத்தார். இந்தக் கதையில் தமிழர்கள் வருவது இங்கேதான். 2001-ல் நடுக்கடலில் மீட்ட அகதிகளோடு வந்த டாம்பா என்ற நார்வே கப்பலை ஆஸ்திரேலியா உள்ளே விட மறுத்தது. அந்த விவகாரத்துக்குப் பிறகு, படகில் வரும் அகதிகளைத் தன் மண்ணில் கால்வைக்க விடாமல் நவூருவில் அடைத்துவைக்கும் ஏற்பாட்டை ஆஸ்திரேலியா தொடங்கியது. 2007-ல் படகில் வந்த 80-க்கும் மேற்பட்ட இலங்கையர்களை அங்கே அனுப்பினார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். 2008-ல் முகாமை மூடி, 2012 செப்டம்பரில் மறுபடி திறந்தபோது முதல் விமானத்தில் கொண்டுவந்து இறக்கியதும் இலங்கையிலிருந்து தப்பி வந்த ஆண்களைத்தான். வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருந்த குடும்பங்களுக்கு நவூரு என்ற பெயர் தெரிந்தது இப்படித்தான். ஒரே ஓடுபாதை உள்ள தீவு என்பது ஊர்க்காரர்களுக்கு வீடு. திரும்பிப் போக டிக்கெட் எடுக்க முடியாத ஒருவருக்கு அதே தீவு சிறை.

முகாமால் நவூரு அரசுக்கு வருமானம் வந்தது. காவலர்கள், மருத்துவர்கள், அதிகாரிகள், ஒப்பந்தக்காரர்கள் என்று வாரம் தவறாமல் போய்வர ஆள் கிடைத்ததால் விமான நிறுவனமும் நிமிர்ந்தது. இதை மறைத்துவிட்டு நவூரு ஏர்லைன்ஸின் மீட்சியைப் பாராட்டி எழுத என்னால் முடியாது. வழியில்லாத மக்களுக்கு வழியாக இருக்கும் ஒரு நிறுவனம், வழி மறுக்கப்பட்டவர்களை வைத்து நடந்த ஏற்பாட்டால் கால் ஊன்றியது.

இன்னொரு பக்கமும் பார்க்கலாம். சொந்த விமான நிறுவனமே வேண்டாம், மற்றவர்கள் வந்துபோகட்டும் என்று இருக்க முடியாதா? முடியும். சுமார் 11,000 பேர் வாழும் தீவு நாடான துவாலு அப்படித்தான் இருக்கிறது; ஃபிஜி ஏர்வேஸின் சின்ன விமானம் வாரத்தில் சில நாள் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் இறங்கிப் போகிறது. துவாலு அரசுக்கு விமானக் கடன் கவலை இல்லை. ஆனால் எந்தக் கிழமை வரும், என்ன கட்டணம், எத்தனை கிலோ சாமான் என்பதை வேறொரு நாட்டில் இருக்கும் அலுவலகம் முடிவு செய்கிறது. சொந்தமாக நடத்தினால் எவ்வளவு ஆபத்து என்பதற்கு வனுவாட்டு சாட்சி. மூன்று லட்சத்துக்கும் மேல் மக்கள், நல்ல சுற்றுலா, ஆஸ்திரேலியாவிலிருந்து மூன்று மணி நேர தூரம். அப்படிப்பட்ட நாட்டின் ஏர் வனுவாட்டுவே 2024 மே மாதம் திவாலாகி விமானங்களை நிறுத்தியது. டிக்கெட் எடுத்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

நவூரு ஏர்லைன்ஸ் இப்போது ஓடும் விதம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நிறுவனம் நவூரு அரசுடையது. ஆனால் பறப்பது ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தில். விமானங்கள் ராத்திரி தங்குவதும், பழுது பார்ப்பதும், விமானிகள் குடியிருப்பதும் பெரும்பாலும் பிரிஸ்பேனில். 737-கள் ஐந்தாறு இருக்கின்றன, அதில் சரக்கு விமானமும் உண்டு. எண்பதுகளின் எண்ணிக்கைக்கு மறுபடி பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஆனால் இந்த முறை அவை ஊருக்கு உழைத்துச் சம்பாதிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நார்ஃபோக் தீவுக்கு ஆள் ஏற்றினார்கள், சரக்கு ஏற்றினார்கள். வாடகைக்குப் பறக்கிறார்கள். பிரிஸ்பேனில் கிளம்பி நவூரு, தராவா, மஜூரோ, போன்பே என்று தீவு தீவாக நின்று போகும் ஓட்டம் ஒன்று உண்டு. அந்தப் பழைய நடுச்சந்திக் கனவில் மிச்சமிருப்பது அதுதான். பிரிஸ்பேனிலிருந்து பலாவ் என்ற தீவு நாட்டுக்கும் 2024-ல் ஆஸ்திரேலிய அரசின் ஆதரவோடு பறந்தார்கள்.

ஒன்று போதாது, இரண்டு அதிகம் என்ற சிக்கலுக்கு அவர்கள் கண்டுபிடித்த விடை இது. நாட்டுக்கு ஒன்றரை விமானம் தேவை என்றால், ஐந்து விமானம் வைத்துக்கொண்டு மிச்சத்துக்கு வெளியே வேலை பிடிப்பது. எதாவது ஒன்று பழுதானால் இன்னொன்றை வீட்டுப் பக்கம் திருப்பிவிடலாம். 2020-க்குப் பிறகு கொரோனா காலத்தில் எல்லைகள் மூடிக் கிடந்தபோது, குறைந்த எண்ணிக்கையில் என்றாலும் பிரிஸ்பேன் விமானம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வந்து இறங்கியவர்களை அங்கேயே தனிமைப்படுத்தி, 2022 நடுப்பகுதிவரை தீவுக்குள் தொற்றுப் பரவாமல் பார்த்துக்கொண்டார்கள். விமானம் தங்கள் கையில் இருந்ததால்தான் யாரை, எப்போது, எத்தனை பேரை ஏற்றுவது என்று அவர்களால் தீர்மானிக்க முடிந்தது. இதற்கு விலை போடச் சொன்னால் எந்தக் கணக்குப்பிள்ளை போடுவார்?

இந்த ஏற்பாட்டிலும் பலவீனம் இருக்கிறது. வேலை தருவோரில் பெரியவர் ஆஸ்திரேலியா. உரிமம் தருவதும் ஆஸ்திரேலியா. 2024 டிசம்பரில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி ஐந்தாண்டுகளில் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் பட்ஜெட் உதவி வரும். பதிலுக்கு, பாதுகாப்பு சம்பந்தமாக நவூரு வேறு நாடுகளோடு உடன்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். 1964-ல் கர்ட்டிஸ் தீவு வேண்டாம் என்று சொன்னவர்களின் பேரப் பிள்ளைகள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்கு நேரில் கேட்க ஆசை.

நவூருவின் தென்மேற்குக் கரையில், யாரென் மாவட்டத்தில் அந்த ஓடுபாதை கிடக்கிறது. நீளம் சுமார் 2,150 மீட்டர். அதற்கும் கடலுக்கும் நடுவில்தான் நாடாளுமன்றமும் அரசு அலுவலகங்களும். தீவில் சமமாக இருக்கும் நிலம் கரையோர நாடா மட்டும்தான். வீடுகளும் பள்ளிகளும் ஆஸ்பத்திரியும் அதில்தான் நெருக்கியடித்து நிற்கின்றன. கடல் மட்டம் ஏறுவதால், தோண்டிப்போட்ட நடுமேட்டைச் சீராக்கி மக்களை அங்கே குடியேற்றும் திட்டத்தை அரசு தொடங்கியிருக்கிறது. அதற்குப் பணம் திரட்ட 2025-ல் குடியுரிமை விற்கவும் ஆரம்பித்தார்கள். மேட்டில் பாறைகளை உடைத்துச் சமன்செய்து ஒரு வீட்டுக்கு இடம் எடுக்கலாம், ஒரு பள்ளிக்கு எடுக்கலாம். ஓடுபாதைக்கு வேண்டியது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வளையாத, மேடு பள்ளமில்லாத ஒரே கோடு. நூறு வருஷமாகத் தோண்டிய அந்தக் கூர்ப்பாறைக் காட்டில் அப்படி ஒரு கோடு போடுவது, ஒரு விமானம் வாங்குவதைப் போல எத்தனையோ மடங்கு செலவு.